28 வருஷமாகக் கழுத்து தானாகச் சுண்டி வெட்டுகிறது, டாக்டருக்கு டாக்டர் வேறு பெயர் சொல்கிறார்கள். இப்படி இருப்பவர்கள் யாராவது உண்டா?

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. பவானியில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். எட்டு வயதிலிருந்து என்னை விடாத ஒரு தொந்தரவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துப் படியுங்கள்.

முதலில் வந்தது கண் சிமிட்டல். கரும்பலகை தெரியவில்லையோ என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் அப்பாவிடம் சொல்ல, கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் ஒன்றும் இல்லை. அது போய் மூக்கை உறிஞ்சுவது வந்தது, அப்புறம் தோளைத் தூக்குவது. பன்னிரண்டு வயதில் கழுத்து. இடது தோளைப் பார்த்துத் தலையைச் சுண்டி ஒரு வெட்டு. கூடவே தொண்டைக்குள்ளிருந்து 'க்ம்' என்று ஒரு கனைப்பு. சேட்டை செய்கிறாள் என்று வீட்டிலும் பள்ளியிலும் அடி வாங்கியிருக்கிறேன். பண்ணாரிக்கு அழைத்துப்போய்த் திருநீறு போட்டுக் கையில் கயிறு கட்டினார்கள். அம்மா மட்டும் எதுவும் சொல்லமாட்டார். ராத்திரி நான் தூங்கும் வரை பிடரியைத் தடவிக்கொண்டே இருப்பார்.

பதினான்கு வயதில் ஒரு டாக்டர், தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. பார்த்துவிட்டு, லேசாக மாறுதல் தெரிகிறது, இது வலிப்பு நோய் என்றார். ஆறு வருஷம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டேன். உடம்பு ஊதியது, சீப்பு வைத்தால் முடி கொத்தாக வந்தது, கழுத்து வெட்டுவது மட்டும் அப்படியே இருந்தது. நான் மயங்கி விழுந்ததே இல்லை, ஒருநாள்கூட நினைவு தப்பியதில்லை. இருபதுக்கு மேல் தானாகவே குறைந்தது. பெண் பார்க்க வந்த அன்று ஒரு தடவைகூட வரவில்லை. போய்விட்டது என்றே நம்பியிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மா இறந்தார். முப்பதாம் நாள் காரியம் முடிவதற்குள் கழுத்து திரும்ப ஆரம்பித்துவிட்டது, முன்னைவிட வேகமாக. வீட்டுக்காரர் ஒருநாள் டீ குடித்து முடிப்பதற்குள் எண்ணிப் பார்த்தார். 43 தடவை.

அது எப்படி வருகிறது என்று யார் கேட்டாலும் என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. இங்கே முயற்சி செய்கிறேன். பிடரியில், முடி முடிகிற இடத்தில், புதுத் துணியின் லேபிள் உறுத்துவதுபோல ஒரு நமநமப்பு வரும். தலையை வெட்டினால்தான் அது போகும். ஒரு வெட்டில் போகாவிட்டால், சரியான இடத்தில் விழும் வரை மூன்று நாலு வெட்டு. அடக்கவும் முடியும். அளவு கொடுக்க ஆள் வந்தால் அடக்கிக்கொண்டு டேப்பைப் பிடிப்பேன். அவர்கள் படி இறங்கியதும் மொத்தமும் சேர்ந்து வரும். ஆனால் தைக்கும்போது வராது. கைக்குழி சேர்க்கும்போதும் பின்கழுத்துக்குப் பைப்பிங் வைக்கும்போதும் கழுத்து கல்லாக நிற்கும். பெடலிலிருந்து காலை எடுத்தால் போதும், வந்துவிடும்.

இந்த மூன்று வருஷத்தில் நாலு பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் மனசுதான் காரணம் என்றார். இரண்டாமவர் ஹாலோபெரிடால் என்ற மாத்திரை கொடுத்தார். பத்து மாதம் சாப்பிட்டேன். வெட்டு பாதியாகக் குறைந்தது, ஆனால் உடம்பு மரம் மாதிரி விறைத்து, கத்தரி பிடிக்கவே கஷ்டமாகிவிட்டது, நிறுத்தச் சொன்னார். மூன்றாமவர், என் தலை சும்மா இருக்கும்போதும் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருப்பதையும், மோவாயில் ஒரு விரலை வைத்துக்கொண்டால் அடங்குவதையும் பார்த்துவிட்டு டிஸ்டோனியா, அதாவது தசை முறுக்கிக்கொள்ளும் கோளாறு என்றார். நாலாமவர், சின்ன வயதிலிருந்து இருப்பதால் டூரெட் என்ற நரம்புக் கோளாறாக இருக்கலாம், ஆனால் அதற்குக் கெட்ட வார்த்தை வருமே, உங்களுக்கு வரவில்லையே என்று இழுத்தார். உடம்பில் செம்பு தேங்கும் நோயோ என்று ரத்தத்தில் செம்புச் சத்து பார்த்தார்கள், கண்ணில் விளக்கு அடித்தும் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. தலை ஸ்கேனும் சரியாக இருக்கிறது. ஃபைல் மட்டும் இரண்டு விரல் தடிமனாகிவிட்டது.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என் பையனுக்கு எட்டு வயது. இரண்டு மாதமாகக் கண்ணைச் சிமிட்டுகிறான். போன வாரம் பால் குடித்துக்கொண்டே, "அம்மா, உனக்கு இருக்கிறதுக்குப் பேர் என்ன? எனக்கும் அதேதானா?" என்று கேட்டான். டம்ளரைக் கழுவப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். எனக்கே பெயர் தெரியாதபோது அவனிடம் எதைச் சொல்வது?

இதே மாதிரி முடிவு தெரியாமல் வருஷக்கணக்கில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இடது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்ச நாளாக மரத்துப்போகின்றன, கொக்கி வைக்கும்போது கொக்கி நழுவி விழுகிறது. அது மிஷின் வேலையால் வருவது என்று விட்டுவிட்டேன். கழுத்துதான் பெரிய பிரச்சினை.


குமரிமுனை எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நாகர்கோவில் பக்கம் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருக்கிறேன், 54 வயது. எனக்கு டூரெட். பெயர் தெரிந்தபோது எனக்கு 41 வயது. அதுவரை நானும் உங்களைப்போல ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன்தான்.

முதலில் அந்தக் கெட்ட வார்த்தை விஷயம். அது வருவது டூரெட் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். அது இல்லையென்றால் டூரெட் இல்லை என்று சொல்ல முடியாது. பதினெட்டு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், உடம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட அசைவுகளும் குறைந்தது ஒரு சத்தமும் இருந்திருக்க வேண்டும், ஆரம்பித்து ஒரு வருஷம் தாண்டியிருக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. அசைவும் சத்தமும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இதைக் காட்டித் தரும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அவற்றையெல்லாம் எடுப்பது வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான். ஆகவே ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நீங்கள் எழுதிய நமநமப்பு இருக்கிறதே, அதைப் படித்ததும் என் கண் கலங்கிவிட்டது. எனக்கு அது வலது புருவத்துக்கு மேலே வரும்.

இடம் மாறுவது, சில வருஷம் தணிவது, துக்கத்தில் திரும்ப வருவது எல்லாம் இதன் குணம். 1885ல் பாரிஸில் ஜில் த லா டூரெட் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார், அவர் பெயர்தான் நோய்க்கு வந்தது. அவர்களில் ஒரு சீமாட்டியைப் பற்றி 1825லேயே இடார் என்ற டாக்டர் எழுதிவிட்டார். அந்த அம்மாளுக்குத் தொடங்கியது ஏழு வயதில், கிழவியாகும் வரை இருந்தது. இதைப் படித்த ராத்திரி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? முகம் தெரியாத ஒரு ஆள், இருநூறு வருஷத்துக்கு முன்னால், என்னை மாதிரியே.

தைக்கும்போது வராது என்றீர்கள். எங்கள் பக்கம் கால்பந்துப் பைத்தியம் அதிகம், அதனால் சொல்கிறேன். அமெரிக்க கோல்கீப்பராக இருந்த டிம் ஹோவர்டுக்கும் டூரெட் உண்டு. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது வெட்டிக்கொண்டிருப்பார், கோலை நோக்கி வந்தால் நின்றுவிடும். அவரே சொன்னது. எனக்கும் கரும்பலகையில் கணக்குப் போடும்போது வராது. "அப்போ மட்டும் எப்படி அடங்குது, நடிக்கிறியா?" என்று கேட்டவர்கள் உண்டு. உங்களையும் கேட்டிருப்பார்கள். நடிப்பு இல்லை தங்கச்சி, மனம் ஒன்றில் முழுசாக அமரும்போது அது அடங்கும்.

எனக்கு உதவியது ஒரு பயிற்சி. திருவனந்தபுரத்தில் ஒரு உளவியலாளரிடம் எட்டுத் தடவை போய்க் கற்றுக்கொண்டேன். நமநமப்பு வரும்போதே அதைக் கண்டுபிடித்து, வெட்டுக்கு எதிரான ஒரு சின்ன அசைவைச் செய்துகொண்டு, அது தணியும் வரை நிற்பது. தொண்டைக் கனைப்புக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விட வேண்டும். கழுத்துக்கு மோவாயை லேசாக உள்ளே இழுத்து, எதிரே பார்த்தபடி ஒரு நிமிஷம். அடக்குவது வேறு, இது வேறு. அடக்கினால் உள்ளே ஏறிக்கொண்டே போகும், இதில் நமநமப்பு தானாக இறங்கும். 2012ல் அமெரிக்காவில் 16 முதல் 69 வயது வரையிலான 122 பேரிடம் சோதித்ததில், பயிற்சி எடுத்தவர்களில் 38 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், வெறும் ஆலோசனை பெற்றவர்களில் 6 சதவீதம்தான். எல்லோருக்கும் கேட்காது, உண்மைதான். எனக்குப் பாதிக்குப் பாதி குறைந்தது.

டிஸ்டோனியா பற்றி எனக்கு அனுபவம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


நாட்டுமருந்து எழுதியது:

அக்கா, கழுத்து நரம்பு பிசகியிருக்கும். எங்கள் ஊரில் ஒரு வர்ம ஆசான் இருக்கிறார். கழுத்தை ஒரே திருப்பில் சொடக்கு எடுத்துவிடுவார், என் மாமாவுக்குப் பத்து வருஷ வலி போனது. வந்தால் நானே கூட்டிப்போகிறேன்.


ராத்திரி டியூட்டி எழுதியது:

பவானி அக்கா, தயவுசெய்து யாரிடமும் கழுத்தைத் திருப்பச் சொல்லாதீர்கள். வர்மம், சுளுக்கு எடுப்பது, முடி வெட்டும் கடையில் நெட்டி முறிப்பது எதுவும் வேண்டாம். மேலே எழுதிய தம்பி நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் உங்கள் கழுத்துக்கு அது ஆபத்து.

நான் மதுரையில் நரம்பியல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ், பதினோரு வருஷம். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போவது, கையில் பிடித்தது நழுவுவது. கழுத்தை வருஷக்கணக்கில் வேகமாக வெட்டுகிறவர்களுக்குக் கழுத்தெலும்புக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தலாம், தண்டுவடத்தையும் அழுத்தலாம். எங்கள் வார்டுக்கு அப்படி ஒரு பையன் வந்தான். கை பலம் குறைந்ததைச் சொல்லாமல் மறைத்து, கால் பின்ன ஆரம்பித்த பிறகுதான் அழைத்து வந்தார்கள். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் இதே விரல்கள் மரக்கும், தையல் வேலை செய்கிறவர்களுக்கு அது நிறைய வரும். எது என்று பார்த்தாக வேண்டும். நீங்கள் எடுத்தது தலை ஸ்கேன். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா?

இந்த வாரமே போங்கள். இதற்குள் நடக்கும்போது கால் தடுமாறினால், கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடித்தது போல ஓடினால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். குமரிமுனை ஐயா சொன்ன கழுத்துப் பயிற்சியை எம்.ஆர்.ஐ. பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும் வரை தொடங்க வேண்டாம். தொண்டைப் பயிற்சி செய்யலாம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். டிக் என்பது டூரெட்டில் தானாக வரும் வெட்டு, சிமிட்டல், கனைப்பு மாதிரியானவை. அதற்கு முன்னால் ஒரு உந்துதல் வரும், கொஞ்ச நேரம் அடக்க முடியும், வெட்டென்று வந்து போகும். டிஸ்டோனியாவில் தசை முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்தபடி நிற்கும், மோவாயைத் தொட்டால் அடங்குவது அதற்கே உரிய அடையாளம். உங்களிடம் இரண்டும் கலந்து தெரிகிறது, அதனால்தான் ஆளுக்கொரு பெயர். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். ஹாலோபெரிடால் மாதிரி மருந்து மாதக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு, நிறுத்திய பிறகும் கழுத்து முறுக்கு வருவதுண்டு. ஆகவே தலை சாய ஆரம்பித்தது அந்த மாத்திரைக்கு முன்னாலா, பின்னாலா? இந்த ஒரு பதில் டாக்டருக்குப் பெரிய உதவி. பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள், கல்யாண ஆல்பம், பையன் பிறந்தநாள், எதுவானாலும். வீட்டுக்காரரை மூன்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்: சும்மா உட்கார்ந்திருக்கும்போது, தைக்கும்போது, மோவாயில் விரல் வைக்கும்போது. டாக்டர் அறையில் நீங்கள் அடக்கிக்கொள்வீர்கள், பத்து நிமிஷத்தில் அவர் எதைப் பார்ப்பார்? அசைவுக் கோளாறுக்கென்றே தனியாகப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் கோவையில் கிடைப்பார்கள்.


வில்லிவாக்கம் அம்மா எழுதியது:

உங்கள் பையனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழு வயதில் கண் சிமிட்டல், அப்புறம் வாயைக் கோணுவது. இப்போது பதினொன்று.

முதலில் கண்ணைக் காட்டுங்கள், பவர் இருந்தாலோ அலர்ஜி இருந்தாலோகூடச் சிமிட்டுவார்கள். கண் சரியாக இருந்தால் காத்திருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் டிக் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகப் போய்விடும் என்றுதான் எங்கள் டாக்டர் சொன்னார். என் மகனுக்குப் போகவில்லை, ஆனால் அவன் நன்றாக இருக்கிறான். வீட்டில் யாரும் "சிமிட்டாதே" என்று சொல்லக்கூடாது என்று முடிவு செய்தோம். மாமியாரைப் புரியவைக்க ஆறு மாதம் ஆனது. வகுப்பு டீச்சரிடம் நானே போய்ச் சொன்னேன். அவனைக் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார வைத்தார், யாரும் திரும்பிப் பார்க்காத இடம். அதிலேயே பாதி குறைந்தது.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். பெயர் தேவையில்லை. நான் என் மகனிடம், "தும்மல் வர்ற மாதிரி உன் கண்ணுக்கு ஒரு சிமிட்டல் வருது, நீ தப்பு எதுவும் செய்யலை" என்றுதான் சொன்னேன். நீங்கள் எழுந்து போனதை அவன் பார்த்திருப்பான். அவன் பயப்பட அதுவே போதும்.


பவானிக்கரை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

ராத்திரி டியூட்டி தங்கச்சி, நீ எழுதியதைப் படித்த மூன்றாம் நாள் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஐந்தாவது ஆறாவது எலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, தண்டுவடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தண்டுவடத்துக்குள் இன்னும் சேதம் இல்லை. இன்னும் ஒரு வருஷம் இப்படியே வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, படத்தைத் திருப்பி என் வீட்டுக்காரரிடம் காட்டினார். ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஆனால் வெட்டின் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார்.

கோவையில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். வீடியோ மூன்றையும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். தைக்கிற வீடியோவில், "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லி, பெடலிலிருந்து கால் எடுக்கும் இடத்தைத் திரும்பப் போட்டார். 28 வருஷத்தில் ஒருவர் அதை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். ஆல்பத்தையும் கொண்டுபோயிருந்தேன். கல்யாணப் படங்களில் தலை நேராக இருக்கிறது. அம்மாவின் முதல் வருஷத் திதியில் எடுத்த படத்திலும் நேராகத்தான் இருக்கிறது, அப்போது மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம். அதற்கடுத்த பொங்கல் படத்தில் சாய்ந்திருக்கிறது.

சின்ன வயதிலிருந்து இருப்பது டூரெட்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை என்றார். சாய்வு டிஸ்டோனியாவாக இருக்கலாம், மாத்திரையால் வந்திருக்கலாம், தானாகவும் வந்திருக்கலாம், இன்றைக்குச் சொல்ல முடியாது, ஆறு மாதம் பார்ப்போம் என்றார். சீட்டில் முதல் பெயரை எழுதி, இரண்டாவது பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஆனால் இரண்டில் எது என்றாலும் கழுத்துத் தசையைத் தளர்த்தப் போடும் போட்டுலினம் ஊசி உதவும் என்று சொன்னதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. பெயர் முடிவாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விலை அதிகம், மகளிர் குழுச் சீட்டை எடுத்தோம். ஊசி போட்டு பதினாறு நாள் ஆகிறது. நமநமப்பு இன்னும் வருகிறது, வெட்டு வருகிறது, ஆனால் பலம் இல்லாமல், யாரோ லேசாகக் கூப்பிட்டால் திரும்புவதுபோல வருகிறது. மூன்று மாதத்தில் திரும்பப் போட வேண்டியிருக்கும். விரல் மரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. நேற்று ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு கொக்கி வைத்தேன், ஒன்று விழுந்தது.

தம்பி நாட்டுமருந்து, நீங்கள் அக்கறையோடு சொன்னதற்கு நன்றி. உங்கள் மாமாவையும் இனிமேல் கழுத்தைத் திருப்பவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வில்லிவாக்கம் அக்கா, பையனிடம் சொல்லிவிட்டேன். பாபினில் நூல் சுற்றிக்கொடுக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு இருப்பதற்கு டூரெட் என்று பெயர், உனக்கு இருப்பதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அது போனாலும் போகலாம், இருந்தாலும் இருக்கலாம், என்னை அடித்த மாதிரி உன்னை யாரும் அடிக்கமாட்டார்கள் என்றேன். "உன்னை ஏன் அடிச்சாங்க?" என்று கேட்டான். தெரியாமல் அடித்துவிட்டார்கள் என்றேன். அடுத்த பாபினை எடுத்துக்கொண்டான்.

குமரிமுனை அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். கழுத்துப் பயிற்சிக்கு டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை, தொண்டைக்கு மட்டும் ஆரம்பித்திருக்கிறேன். மூச்சை விட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் கனைப்பு வந்துவிடுகிறது. அப்படியே தொடரலாமா, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்ய வேண்டும்?


குமரிமுனை எழுதியது:

நடுவில் வந்தால் வரட்டும் தங்கச்சி, மூச்சை அப்படியே தொடருங்கள். எத்தனை தடவை என்று கணக்கு இல்லை, நமநமப்பு எட்டிப் பார்க்கும்போதெல்லாம். எனக்கு முதல் இரண்டு வாரம் பத்தில் ஒன்றுதான் சரியாக வந்தது. ஒரு நோட்டில் ராத்திரி ராத்திரி கோடு போட்டு வைத்தேன், தணிந்ததற்கு ஒரு கோடு, தவறியதற்கு ஒரு புள்ளி. உங்களுக்கு அளவு எழுதும் நோட்டு இருக்குமே, அதன் பின்பக்கத்தில் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து எத்தனை கோடு என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.